பரசுதாசன் பெயரைச் சொல்லாமல் பாடுவது எப்படி

மட்டாஞ்சேரி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்திம்பேருக்கு,

அனந்தலக்ஷ்மி நமஸ்காரம். "பரசு பாகவதர் பண்ணினது தப்புதான், பாட்டு என்ன பாவம் பண்ணித்து?" என்று போனில் கேட்டீர்கள். அன்றிலிருந்து யோசிக்கிறேன். என்னிடம் பதில் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம். இங்கே எல்லோரும் சௌக்கியம். திருப்பூணித்துறையில் அக்காவின் முழங்கால் வலி தேவலையா? பாகவதர் பாட்டை நாங்கள் நிறுத்தியதற்குக் கோபித்துக்கொண்டு நீங்கள் ராஜினாமா அனுப்பியும் நம் சமூகமடத்தின் தலைவர் இன்னமும் நீங்கள்தான். அதைப் படிக்க வேண்டிய காரியதரிசி கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருக்கிறார்.

பாகவதரின் சிஷ்யை வசந்தி போலீஸில் புகார் கொடுத்து, அவர் கைதாகி ஜாமீனில் வந்த பிறகு, மடத்தில் அவர் பாட்டு எதுவும் ஒலிக்கக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தது நான்தான். எல்லோரும் கை தூக்கினார்கள். முதலில் அவர் படத்தைக் கழற்றினோம். படம் இருந்த இடம் மட்டும் சுவரில் பளிச்சென்று நின்றது; முன்பு படத்தை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை, இப்போது உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சதுரத்தைத்தான் பார்க்கிறார்கள். அதை மறைக்க ஒரு காலண்டர் மாட்டினோம், சின்னதாகப் போய்விட்டது. அடுத்து, காலையில் போடும் பென் டிரைவ். மைக்செட் அனீஷிடம் அவர் பாட்டுகளை மட்டும் அழிக்கச் சொன்னேன். "சேச்சி, எனக்கு எல்லாம் ஒரே மாதிரியாக்கும் கேக்குது. யாரு நல்ல ஆளு, யாரு கெட்ட ஆளுன்னு ஒரு கடலாசுல எழுதித் தாங்க" என்றான். உட்கார்ந்து எழுதினேன். நல்ல ஆள் வரிசையில் இரண்டு பெயருக்கு மேல் கை ஓடவில்லை. அந்த இரண்டு பேரும் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. என்ன செய்தார்கள் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

போன சனிக்கிழமை பஜனையில் மங்களம் பாட வேண்டிய நேரத்தில்தான் உறைத்தது, இருபது வருடமாக நாம் பாடிவரும் மங்களமும் அவர் எழுதியதே என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கற்பூரம் எரிந்து முடிந்தது, பஜனை முடியவில்லை. சுண்டல் எப்போது என்று விஸ்வநாத் மாமா கேட்கிறார். மங்களம் பாடாத பஜனைக்கு எப்படிச் சுண்டல் கொடுப்பது? கடைசியில் கரண்ட் போனதுபோல் விளக்கையெல்லாம் அணைத்து, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினோம்.

பாட்டு யாரையும் தொடவில்லையே என்பீர்கள். ஆனால் "உனக்குக் கமகம் சரியா வரலை, மத்தவா போகட்டும், நீ இரு" என்று சொல்லித்தானே அவர் கதவைச் சாத்தினார், அத்திம்பேர். அந்த அறையில் பாட்டும் இருந்தது.

இப்படி உறுதியாக இருந்தவளிடம் நேற்று வசந்தி வந்தாள், எர்ணாகுளத்து ஆபீசிலிருந்து நேராக. நாளைக்கு ஆண்டுவிழாக் கச்சேரி அவளுடையது. புகார் கொடுத்த பிறகு முதல் மேடை.

"மாமி, நான் என்ன பாடறது?"

"எது வேணும்னாலும் பாடேன். அவர் பாட்டு மட்டும் வேண்டாம். உனக்காகத்தானே தீர்மானமே போட்டிருக்கோம்."

"பத்து வயசுலேருந்து அவர்கிட்டத்தான் சிக்ஷை. எனக்கு நன்னாத் தெரிஞ்சதெல்லாம் அவர் பாட்டுதான். அவர் எங்கிட்டேருந்து எடுத்துண்டது போறாதுன்னு, மீதியை நீங்க எடுத்துண்டுட்டேள். தீர்மானம் போடறதுக்கு முன்னாடி எனக்கொரு போன் பண்ணியிருக்கலாமோல்லியோ?"

ஒருவரும் பண்ணவில்லை. பேசினால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தோம். சங்கடம் எங்களுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அந்த அறையில் அவருடைய பாட்டு மட்டுமா இருந்தது, அவளுடைய இத்தனை வருடச் சாதகமும் இருந்ததே. இதில் எவ்வளவு யாருடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். கடைசிச் சரணத்தில் "பரசுதாசன்" என்று தன் பெயரை முத்திரையாக வைப்பது அவர் வழக்கம் அல்லவா? எதையும் பாடு, அந்தப் பெயர் மட்டும் நம் மடத்தில் ஒலிக்கக் கூடாது என்றேன். "அது எனக்கு விடுங்கோ" என்று எழுந்து போனாள்.

ஆகவே தலைவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பாட்டு ஒலிக்கும், பெயர் ஒலிக்காது. பாட்டையும் ஆளையும் பிரிப்பதில் எனக்கு எட்டியது இவ்வளவே. முன்வரிசையில் உட்கார்ந்து நானே கவனித்துக்கொள்கிறேன். உங்கள் இருவருக்கும் நமஸ்காரம். ஆசீர்வாதத்தை வழக்கத்துக்காகக் கேட்கிறவள்தான். இந்தத் தடவை நிஜமாகவே வேண்டும்.

இப்படிக்கு,
அனந்தலக்ஷ்மி

பி.கு. ஞாயிறு. இதைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். நேற்று மடம் நிறைந்திருந்தது. உங்களுக்குப் பிடித்த மோகனப் பாட்டைத்தான் வசந்தி எடுத்தாள். அவரைவிட நன்றாகப் பாடினாள் என்று எழுத ஆசை. அப்படிச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஞானம் இல்லை. கடைசிச் சரணத்தில் அவர் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, பிளாஸ்கைத் திறந்து, ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். மிருதங்கம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் "பரசுதாசன் பணியும்" என்று கணீரென்று பாடியது. இருபது வருடப் பழக்கம், அத்திம்பேர். அது என் குரல்.

வசந்தி மூடியைத் திருகிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த வார்த்தையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். மங்களமும் அவளே பாடினாள், எல்லோருக்கும் சுண்டல் கிடைத்தது. கூட்டம் கலைந்த பிறகு மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அதுக்கென்ன மாமி" என்றாள். "ஸ்ருதிதான் சேரலை."