மாமியார் தாலியில் விண்மீன் தூசி

பெண் பார்க்கப் போகிறவன் பையில் பூ இருக்கலாம், பழம் இருக்கலாம். காந்தம் இருக்கக் கூடாது.

என் பையில் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் ஆலையில், குப்பையிலிருந்து இரும்பைப் பிரிக்கிற காந்தத்தில் உடைந்த துண்டு. கூடவே ஒரு பொட்டலம் இரும்புத் தூள். அதற்கு முன் பார்த்த இரண்டு வீட்டிலும், "பையன் வாயே தொறக்கல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆரணி போகும் பஸ்ஸிலேயே அம்மா கெஞ்சினாள்: "இங்கியாவது எதுனா பேசுடா."

பேசினேன்.

"லீவுல இன்னா பண்ணுவீங்க?" என்று பெண் கேட்டதுதான் தாமதம். பஜ்ஜித் தட்டை ஒதுக்கிவிட்டு, டீப்பாயில் காந்தம், அதன்மேல் வெள்ளைத்தாள், தாள்மேல் தூள். தூள் சிலிர்த்துக்கொண்டு கோடு கோடாக நின்றது.

"நட்சத்திரங்களுக்கு நடுவுல தூசி மேகம் இருக்கு. அதுக்குள்ளயும் காந்தப்புலம் ஓடுது. தூசி இப்படித்தான் அதுக்குக் கட்டுப்பட்டு நிக்கும்." (அசல் தூசி நீளவாக்கில் நிற்காது, குறுக்கே திரும்பி நிற்கும். அதையும் விளக்கத் திட்டமிருந்தது. கடவுள் இருக்கிறார்.)

"இன்னா தம்பி காட்டுது?" என்று பெண்ணின் அம்மா கேசரியோடு குனிந்தார். அவசரத்துக்கு ஆகுமென்று தாலிச் சரட்டில் ஊக்குகளைக் கொத்தாக மாட்டியிருந்தார்.

டக்.

அவர் பதறி நிமிர, காந்தமும் தாளும் கூடவே எழுந்து கழுத்தில் தொங்கின. தூள் முழுக்க ஊக்குகளில் ஏறித் தாலிக்குத் தாடி முளைத்தது. நான் பிடுங்கக் கை நீட்டினேன்.

"யோவ்! இன்னாயா, தாலில கை வெக்கிற?" பெண்ணின் அப்பா எகிறினார்.

"பேசத்தானேடா சொன்னேன்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பெண்தான் எழுந்து வந்தாள். "நைனா, சும்மா இரு. யம்மா, குனிஞ்சிக்கினே இரு." ஒவ்வொரு ஊக்காகத் திறந்து தாலியை விடுவித்தாள். நிமிராமலே கேட்டாள்: "அந்த மேகம் அப்பால இன்னா ஆவும்?"

"தூசியும் வாயுவும் சேந்து சேந்து... நட்சத்திரம் பொறக்கும்."

"எவ்ளோ நாளாவும்?"

"லட்சக்கணக்கான வருஷம்."

"அப்போ மெதுவாவே சொல்லுங்க. இன்னா அவசரம்?"

இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறாள்.

ஆரணி வீட்டு வாசலில் என் ஸ்கூட்டர் நின்றால் மாமனார் இன்றும் உள்ளே குரல் கொடுப்பார்: "ஏய், மாப்ள வந்துக்கினு கீறாரு, தாலியப் பாத்துக்கோ!"

மாமியார் அசருவதில்லை. அவர் கழுத்தில் இப்போது தொங்குவதெல்லாம் பித்தளை ஊக்கு. பித்தளையைக் காந்தம் இழுக்காது. என் உரையிலிருந்து அந்தக் குடும்பம் எடுத்துக்கொண்ட ஒரே அறிவியல் அதுதான்.