மாமனார் காரில் தார்

"கடலைத் துண்டு போட்ட பீநட் பட்டரையா எடுத்தே?" என்றாள் மனைவி லோர்னா.

டேரல் தேய்ப்பதை நிறுத்தினான். மாமனாரின் வெள்ளைக் காரில் வலப்பக்கக் கதவு முழுக்க அதை அப்பியிருந்தான்.

"எண்ணெய் பட்டா தார் விட்டுடும்னு எல்லாரும் சொல்றாங்களே."

"எண்ணெய் விடும். கடலை கீறும்."

துடைத்துப் பார்த்தான். தார் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றிலும் பூனை பிராண்டியது போலக் கோடுகள்.

கனடாவின் சஸ்காட்செவனில் பனி உருகினால் அடுத்த பருவம் தார். சாலையில் தாரை ஊற்றி, ஜல்லியைத் தூவி, அதை அழுத்தும் வேலையை வருகிற போகிற வண்டிகளின் தலையில் கட்டிவிடுவார்கள். வியாழக்கிழமை மாலை டேரல் அதன் மேல்தான் ஆமை போல ஊர்ந்து வந்தான். மறுநாள் காலை பார்த்தால் கதவுக்கு அம்மை போட்டிருந்தது.

வேறு யார் காராக இருந்தாலும் போகிறது என்று விட்டிருப்பான். இது வால்டர் மெல்னிக்கின் கார். சொந்தப் பெண்டாட்டியையே செருப்பைத் தட்டிவிட்டு ஏறச் சொல்கிற மனிதர். கல்யாணமான நாள் முதல் டேரலை "லோர்னா வீட்ல இருக்கற பையன்" என்றுதான் சொல்வார். அவர் இந்த வாரம் தாமே கூப்பிட்டார். "உன் வண்டி படுத்துடுச்சாமே. என் காரை எடுத்துக்க மாப்பிள்ளை. சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது குடுத்தாப் போதும்."

மாப்பிள்ளை! டேரல் வியாழக்கிழமை மாலையே போய்ச் சாவியை வாங்கிக்கொண்டான். சுவரை ஒட்டி நின்ற காரில், ஓட்டுநர் இருக்கை உள்ள இடப்பக்கமாக ஏறியவன், வீடு வந்து இடப்பக்கமாகவே இறங்கினான். கால் தரையில் பட்டதா என்பதே சந்தேகம்.

அந்த மரியாதையை ஒரு நாளில் தொலைப்பதா? உடம்பு சரியில்லை என்று வேலைக்கு மட்டம் போட்டான்.

வாசனை பிடித்துப் பக்கத்து வீட்டு ரஸ்ஸின் நாய் வந்தது. பீநட் பட்டரை நக்க எட்டவில்லை. முன்னங்கால் இரண்டையும் கதவில் ஊன்றிக்கொண்டது.

"நாக்கு நல்லாத்தான் வேலை செய்யுது," என்றான் பின்னாலேயே வந்த ரஸ்.

"நகம் அதைவிட நல்லா வேலை செய்யுது. புடிச்சுக் கட்டுப்பா."

ரஸ் நாயைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தான். "எங்கப்பா இதுக்கு மண்ணெண்ணெய்தான் போடுவாரு."

"காருக்கா?"

"டிராக்டருக்கு."

மண்ணெண்ணெய் வேலை செய்தது. அதுதான் வினை. பொட்டுப் பொட்டாக இருந்த தார் கரைந்து, கதவு முழுக்க டீ கொட்டியது போலப் பரவியது. சோப்புப் போட்டுக் கழுவினான். டீயில் பால் சேர்ந்தது.

"எங்கிட்ட வெள்ளை ஸ்ப்ரே இருக்கு," என்றான் ரஸ். "பழைய ஃபிரிஜ்ஜுக்கு அடிச்சது போக மிச்சம்."

"அது அதே வெள்ளையா?"

"வெள்ளையில என்னடா அதே வெள்ளை?"

அடித்தார்கள். இரண்டு நிமிடம் அழகாகவே இருந்தது. பிறகு காற்று திரும்பியது. ஜூன் மாதம், தெரு முழுக்கப் பஞ்சு உதிர்க்கும் பாப்ளர் மரங்கள். பஞ்சு மொத்தமும் ஈரப் பெயிண்டில் வந்து உட்கார்ந்தது. கதவுக்கு முடி முளைத்தது.

லோர்னா காபிக் கோப்பையோடு வந்து நின்று பார்த்தாள். "இப்ப அப்படியே எங்கப்பா சாயல்."

சனிக்கிழமை அவள் காரில் ஏற மறுத்துவிட்டாள். "அம்மா இந்தப் பக்கம் வர்றாங்க, நான் அவங்க வண்டியில வந்துடறேன். நீ திட்டு வாங்கி முடிச்சப்புறம் போன் பண்ணு."

'தப்பு என்னுதுதான் மாமா,' என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினான். சாலை வேலை நடக்கிற இடத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட பெண் நிறுத்தற் பலகையைக் காட்டினாள். நின்றான். அவள் நடந்து போய் அந்தக் கதவைப் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள்.

"இது என்னங்க, கதவுக்கு தாடி?"

"தார் எடுக்கப் போய் இப்படி ஆயிடுச்சு. வியாழக்கிழமை இங்கதான் பட்டுச்சு."

"வியாழக்கிழமை பட்டிருக்காதே. புதன்கிழமையே இங்க எல்லாம் காஞ்சாச்சு." குனிந்து நம்பர் பலகையைப் பார்த்தாள். "அட, இந்தக் காரா? செவ்வாய்க்கிழமை பெரியவர் ஒருத்தர் நான் நிறுத்த நிறுத்த ஈரத் தாருல விட்டாரு. வீட்டம்மாகிட்ட என்ன சொல்வீங்கன்னு கேட்டேன். அதுக்கென்ன, எனக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கான்னு சொல்லிட்டுப் போனாரு."