மைக்செட் அண்ணாச்சியும் குழாய்க்குள் குடியேறிய ஆந்தையும்

எங்கள் ராஜபாளையத்தில் கடவுளுக்கு அடுத்தபடியாக எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்தவர் மைக்செட் அண்ணாச்சி ஒருவர்தான். கடவுளாவது கூப்பிட்டால்தான் வருவார். அண்ணாச்சி கதவைச் சாத்தினாலும் வருவார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் பொங்கல் என்று எது நடந்தாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்கள் விடிவதற்கு முன்பே பாட ஆரம்பித்துவிடும்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அதை யாரும் மைக்கில் சொல்லாததால் ஊருக்குத் தெரியாமல் போய்விட்டது. குழாய்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர் என்பதால் சாதாரணமாகப் பேசுவதே மைக்கில் பேசுவது போலத்தான் இருக்கும். டீக்கடையில் அவர் "ஒரு டீ" என்றால் அடுத்த தெருக் கடையிலும் ஒரு டீ போட்டு வைத்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பறவைகள் மேல் ஆசை வந்தது எங்கள் ஊரில் நடந்த பெரிய அதிசயம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தைச் சாம்பல் அணில்களுக்கான சரணாலயமாக அறிவித்திருந்த புதிது அது. வனத்துறைக்காரர்கள் எங்கள் நகராட்சிப் பூங்காவில் ஒரு கூட்டம் போட்டார்கள். மைக் அண்ணாச்சியுடையது. வெள்ளைத் திரையில் அந்த அணிலின் படத்தைக் காட்டினார்கள். பூனை அளவு உடம்பு, உடம்பை விட நீளமாக வால். அண்ணாச்சி வயரைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றார். அதிகாரி பேசி முடித்து, நன்றி சொல்லி, ஜீப்பில் ஏறிப் போன பிறகும் அப்படியே நின்றார் என்று சொல்வார்கள்.

மறுநாளே அந்த அணிலைப் பார்க்க பஸ் ஏறி, மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர் பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஏலே, நம்ம பக்கத்துலயே இருந்திருக்குலே அம்புட்டும். அணிலு மரத்துக்கு மரம் தாவுது, ஒரு இலை கீழ விழல. கெளைக்குக் கெளை பறவை வேற. இத்தனை வருசம் இதைப் பாக்காம நான் எவன் வீட்டுக் காதுகுத்துக்கோ பாட்டுப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

அந்த வாரமே சைக்கிளில் பேட்டரியும் குழாயும் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்பு செய்தார். "அன்பார்ந்த பொதுமக்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நமது பூங்காவில் அழகிய பறவைகள் காட்சி தர இருக்கின்றன. அனைவரும் குடும்பத்துடன் வருக." சினிமாவுக்கும் சர்க்கஸுக்கும் அறிவிப்பு செய்து பழகிய நாக்கு. அதற்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? ஊர் திரண்டுவிட்டது.

நானும் போனேன். நானாகப் போகவில்லை. அப்போது நான் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஆள் முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுவேன். கடைக்காரரிடம் உப்பு வேண்டும் என்று கேட்கக்கூட என் மதினியைத்தான் அனுப்புவேன். மதினி எனக்கும் சேர்த்துப் பேசிவிடும். அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

பூங்காவில் நான்கு மூலையிலும் குழாய் கட்டியிருந்தார் அண்ணாச்சி. காலை வெயில் இலைகளில் விழுந்து, மரமெல்லாம் குருவிச் சத்தமாக இருந்தது. அவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"பறவை பார்க்க வந்திருக்கும் பொதுமக்கள் அமைதி காக்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். சத்தம் போட்டால் பறவைகள் பறந்துவிடும்."

பறந்துவிட்டன. காக்கை, மைனா, கிளி, கொக்கு எதுவும் மிச்சமில்லை. பூங்காவில் படுத்திருந்த நாய்கூட எழுந்து வெளியே போய்விட்டது.

கூட்டம் வெறும் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. மதினிதான் சொன்னது: "அண்ணாச்சி, இந்நேரம் அதுக வத்திராயிருப்பு தாண்டியிருக்கும். அங்க போயிப் பாத்துக்கிடுவோமா?"

அண்ணாச்சி கோபப்படவில்லை. வாரம் முழுக்க யோசித்தார். மைக் இல்லாமல் ஒரு நிகழ்ச்சி நடத்தலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. மைக் இருக்க வேண்டும், பறவையும் பறக்கக் கூடாது. அதற்கு ஒரே வழி, சத்தமே வராத ஆளைப் பேச வைப்பது.

அடுத்த ஞாயிறு வந்தவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி மைக்கில் பேசச் சொன்னார். எல்லாரும் மில்லிலும் தறியிலும் வேலை பார்க்கிறவர்கள். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகியவர்கள். "நல்லாருக்கீகளா" என்று கேட்டாலே சண்டைக்கு வருவது போலிருக்கும். அண்ணாச்சி ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தார். மதினி பேசியபோது மைக்கையே தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கடைசியில் என் முறை. ஏதோ முனகினேன்.

"என்ன சொன்னே தாயி?"

மறுபடியும் முனகினேன்.

"இதுதான். இந்தக் குரலைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். பக்கத்துல நிக்கவனுக்கே கேக்கல பாரு."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் அறிவிப்பாளர் நான். குழாயின் சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடுவார். நான் சொல்வது ஒவ்வொருவர் காதுக்குள்ளும் ரகசியம் சொல்வது போல் விழும். "புங்க மரம், ரெண்டாவது கிளை, பச்சைக்கிளி." ஐம்பது தலைகள் ஒன்றாகத் திரும்பும். கிளி அசையாது. மில்லில் ஒருவர்மேல் ஒருவர் கத்தித் தீர்க்கும் ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். என் குரலுக்கு இத்தனை பேர் திரும்புவார்கள் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை.

பறவைகளுக்கு அண்ணாச்சி வைத்த பெயர்கள் தனி ரகம். செண்பகப் பறவை புதருக்குள்ளிருந்து "ஊப், ஊப்" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டால் கண்ணை மூடி ரசிப்பார். ஸ்பீக்கரின் அடிக்குரலை மைக்செட்காரர்கள் பேஸ் என்பார்கள். அதனால் அதற்குப் பெயர் பேஸ் பறவை. "பாடுனா இப்படிப் பாடணும்லே" என்பார். தேன்சிட்டைக் காட்டினால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்.

"அது எங்க பாடுது? வயர் அறுந்த மைக்குல பேசுத பேச்சாளர் மாதிரி சும்மா வாயை அசைக்குது."

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்படி ஒன்றிரண்டு வருடம் போனது. அதற்குப் பிறகுதான் ஆந்தை வந்தது.

பூங்காவை ஒட்டி ஓர் அம்மன் கோயில் உண்டு. அங்கே பங்குனிப் பொங்கலுக்கு மைக்செட் போடுவது அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்துக்குத்தான். அதைப் பெரிய கௌரவமாக நினைப்பார். அந்த வருடம் தை மாதமே ஒரு கூட்டத்துக்காகப் பூங்காவின் தூங்குமூஞ்சி மரத்தில் பெரிய குழாய் ஒன்றைக் கட்டியிருந்தார். எப்படியும் பங்குனியில் மறுபடி கட்டத்தானே போகிறோம் என்று இறக்காமல் விட்டுவிட்டார். நடுவில் கயிறு தளர்ந்து, குழாயின் வாய் அடிமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டது. பார்க்க ஒரு பொந்து மாதிரியே இருந்தது.

கொடியேற்றத்தன்று சாயங்காலம் அண்ணாச்சி செட்டைப் போட்டுச் சோதித்தார். கோயில் கமிட்டித் தலைவர் பக்கத்தில் நின்றார். பஞ்சுக்கடை வைத்திருந்ததால் அவரை எல்லாரும் பஞ்சுக்கடை முதலாளி என்றுதான் சொல்வோம்.

"என்னவே, பெரிய குழாய் கிர்ருங்குது, கீச்சுங்குது?" என்றார் முதலாளி.

"அப்படியா?" என்று அண்ணாச்சி ஆம்ப்ளிஃபயரைத் திறந்தார். கண்டென்சரை மாற்றினார்.

"இன்னும் கத்துதுவே."

வயரை மாற்றினார். மைக்கை மாற்றினார். "இலங்கை ஸ்டேஷனை இழுக்குது போல முதலாளி. சில நேரம் காத்து அப்படி அடிக்கும்" என்று கடைசியில் கரண்டையே பிடுங்கிவிட்டார்.

கரண்ட் இல்லாத குழாய் தொடர்ந்து கத்தியது. முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார்.

அண்ணாச்சி ஏணி போட்டு மரத்தில் ஏறினார். குழாய்க்கும் அடிமரத்துக்கும் நடுவில் தலையை விட்டார். விட்ட தலையை எடுக்கவே இல்லை. கீழே இருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்குக் கழுத்து வலித்தது. ஒருவழியாக இறங்கி வந்தவர், வாழ்க்கையில் முதல் முறையாகக் கிசுகிசுத்தார்.

"ஆந்தை. மூணு குஞ்சு."

அவர் கிசுகிசுத்தது கோயில் வாசல் வரை கேட்டது. அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஆந்தையா? கொடி ஏத்துன அன்னைக்கா? இறக்கும்வே அதை" என்றார் முதலாளி.

"இறக்க மாட்டேன்."

"அப்போ அது மேலயே பாட்டைப் போடும்."

"போட மாட்டேன். சின்ன உசுரு முதலாளி. அந்தச் சத்தத்துல ஆத்தாக்காரி திரும்பி வர மாட்டா. பட்டினி கெடந்து செத்துரும்."

"அம்மன் பாட்டுப் போட மாட்டேன்னா உமக்கு இந்தக் கோயில்ல என்ன வேலை? ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொட்டி ஸ்பீக்கர் வச்சிருக்கவனுக்குச் சொல்லிவிடுதேன். இனி வருசா வருசம் அவனே வந்து போடட்டும்."

அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. அப்பா காலத்துக் கோயில். மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சொல்லிவிடுங்க முதலாளி. ஆனா ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லிவிடுங்க."

முதலாளிக்கு உள்ளுக்குள் ஆசை இருந்திருக்க வேண்டும். முறைத்துக்கொண்டே சரி என்றார்.

ஞாயிறு சாயங்காலம் பூங்கா நிறைந்துவிட்டது. பாதிப் பேர் ஆந்தை பார்க்க வந்தவர்கள், பாதிப் பேர் சண்டை பார்க்க வந்தவர்கள். சோழபுரத்திலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கூட வந்திருந்தார்கள். முதலாளி நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி மைக்கை என்னிடம் நீட்டினார். நான் வாங்காமல் பின்னால் ஒதுங்கினேன். மதினி இடுப்பில் கிள்ளியது.

"பேசுட்டி. நீ பேசலைன்னா நான் பேசிப்புடுவேன். அப்பொறம் ஆந்தை பறந்துச்சுன்னா என்னைச் சொல்லப்பிடாது."

நான் பேசினேன். "குழாய்க்குள்ள மூணு குஞ்சு இருக்கு. இப்ப அம்மா இரை கொண்டுவரும். நாம சத்தம் போட்டா அது வராது." அவ்வளவுதான் எனக்கு வந்தது.

கூட்டம் அடங்கியது. அத்தனை பெரிய அமைதியை எங்கள் ஊர் அதற்கு முன் கேட்டிருக்காது. மலைப்பக்கம் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. எங்கிருந்தோ ஒரு நிழல் சத்தமே இல்லாமல் மிதந்து வந்து கிளையில் உட்கார்ந்தது. குள்ளமான ஆந்தை. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, வாயில் ஏதோ பூச்சி. மஞ்சள் கண்ணால் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. குழாயின் விளிம்பில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. மூன்றும் கூட்டத்தைப் பார்த்துத் தலையை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டின.

கூட்டமும் தலையை ஆட்டியது. யாரும் நினைத்துச் செய்யவில்லை. மில்காரர்கள், கடைக்காரர்கள், குழந்தையைத் தூக்கிய பெண்கள் எல்லாரும் ஆந்தை ஆட்டியபடியே ஆட்டினார்கள். முன்வரிசையில் முதலாளியின் தலையும் ஆடியது.

"நீங்களும் ஆட்டுதீக முதலாளி" என்று மதினி மெல்லச் சொன்னது.

"கழுத்துப் பிடிப்பு" என்றார் அவர். ஆட்டுவதை நிறுத்தவில்லை.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்துதா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார். குஞ்சுகள் மூன்றும் இரை கேட்டுக் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குழாய்கள் அவர் காதிலிருந்து கீச்சுச் சத்தங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தன. செண்பகத்தின் அடிக்குரல் மட்டும்தான் அவருக்கு மிச்சம். தேன்சிட்டைப் பற்றி அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சே இல்லை. அவருக்கு அது வாயை மட்டும்தான் அசைத்திருக்கிறது. பெரும்பாலும் தன் காதில் விழாத பறவைகளைப் பார்க்கத்தான் அந்த மனிதர் ஊரையே கூட்டியிருக்கிறார்.

"கத்துது அண்ணாச்சி" என்று அவர் காதருகில் போய்ச் சொன்னேன்.

"எப்படி?"

"எண்ணெய் போடாத தறி மாதிரி. மூணு தறி ஒண்ணா ஓடுத மாதிரி."

"அம்புட்டுச் சத்தமாவா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "பிள்ளை பெத்த வீடு மாதிரில இருக்கு. சரி, குஞ்சு பறக்கது வரைக்கும் இந்தப் பக்கம் எந்தக் குழாயும் வேண்டாம். பஜார் பக்கம் மட்டும் போடும். அடுத்த வருசம் ஆந்தை கீந்தைன்னு எங்கிட்ட வரப்பிடாது, சொல்லிட்டேன்."

அந்த வருடப் பொங்கலில் எங்கள் தெருவில் முதல் முறையாகப் பெண்கள் இட்ட குலவை கேட்டது. அதுவரை அது பாட்டுச் சத்தத்துக்குள் அமுங்கியே கிடந்திருக்கிறது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. அந்தக் குழாயை அண்ணாச்சி கடைசிவரை இறக்கவில்லை. பின்னாளில் பெட்டி ஸ்பீக்கர்கள் எல்லாக் கோயிலையும் பிடித்துக்கொண்டன. அப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பூங்காவுக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு பறவையாகக் கை காட்டுவார். அது எப்படிப் பாடுகிறது என்று நான் அவருக்குச் சொல்வேன். கூச்சப்படாமல் நான் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அவர் போய் வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதும் எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் தேன்சிட்டு வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் மெதுவாகச் சொல்லிவிடுகிறேன்: "வயர் அறுந்துபோகல அண்ணாச்சி. பாடுது."