மார்பளவில் நடந்த அநியாயம்

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன், தையற்கடைக்காரன், பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம். இராணுவ மருத்துவரைத் தவிர வேறு யாரும் அதை மறுக்கவில்லை. அங்கே தாங்களும் தங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல்.

தங்கள் மருமகன், அதாவது என் மகன், பட்டாளத்துக்கு ஆளெடுத்தபோது ஓட்டத்தில் முதலாவதாக வந்தது தாங்கள் அறிந்ததே. அதன்பின் உடற்தகுதிச் சோதனை என்று ஓர் அறைக்குள் விட்டு, துணியைக் கழற்றச் சொல்லி, பெற்ற தாயே பார்க்காத இடமெல்லாம் பார்த்திருக்கிறார்கள். முட்டியோடு முட்டி தட்டுகிறதா என்று நிற்கவைத்தார்களாம். அந்தக் குளிரில் யாருக்குத்தான் தட்டாது? காதுக்குள் விளக்கடித்த மருத்துவர், "இதுல என்னப்பா ஊத்தினே?" என்று கேட்க, "அழுக்கு எடுக்க அப்பா தையல் மெஷின் எண்ணெய் ஊத்தினார் சார்" என்று இந்த மகராசன் உள்ளதைச் சொல்லிவிட்டான். அதையும் பொறுத்துக்கொண்டார்கள். மார்பளவில்தான் மாட்டிக்கொண்டான். மூச்சை விட்டால் ஓர் அளவு, இழுத்தால் ஓர் அளவு, இரண்டுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் வேண்டுமாம். இவனோ என் அளவுநாடாவில் வளர்ந்த பிள்ளை. நாடா மேலே பட்டால் நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடி, இல்லாவிட்டால் சட்டை இறுக்கும் என்று நான்தான் பழக்கினேன். மருத்துவர் நாடாவைச் சுற்றினார், இவன் பிடித்துக்கொண்டான். "விடுப்பா" என்றார், விடவில்லை. "இப்ப இழு" என்றார். இழுக்க உள்ளே இடம் ஏது? தகுதியில்லை, மறுபரிசோதனைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

நானே நேரில் போய், "சார், எத்தனையோ நெஞ்சை அளந்தவன் சொல்றேன், இது நல்ல அகலமான நெஞ்சு" என்றேன். "அகலத்தை வெச்சு நான் என்னய்யா பண்றது? அசையணும்" என்றார். குண்டு பாய்கிற இடத்துக்கு இவ்வளவு ஆரோக்கியம் எதற்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. அனுப்பிவைக்கிற பெரிய மனிதர்களுக்கும் ஒருமுறை நாடா சுற்றிப் பார்க்கட்டுமே, எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நானோ ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேன். எதிர்க்கடை சலவைக்காரர் தினமும், "என்ன, பட்டாளம் பாதியில திரும்பிடுச்சா?" என்கிறார். தலை காட்ட முடியவில்லை. ஆகவே, பட்டாளத்தில் பெரிய பதவி வகித்த தாங்கள் அந்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, எப்பாடுபட்டாவது இவனைத் தேறவைத்துவிட வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். தாங்கள் நீண்ட ஆயுளும் மடங்குகிற முழங்காலும் பெற்று வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்

பி.கு.: கடை வேலையில் இதைத் தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். அதற்குள் மறுபரிசோதனை முடிந்து, பையன் தேறிவிட்டான். சலவைக்காரர் வந்து கைகுலுக்கினார். அன்று மாலைச் செய்தியில் எல்லையில் சண்டை தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். புறப்படுகிறவனுக்கு ஒரு சட்டை தைக்கலாம் என்று நாடாவை எடுத்தேன். "ஏம்பா அளந்த நெஞ்சையே திரும்பத் திரும்ப அளக்கிறே?" என்கிறான். மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, அந்த மருத்துவரிடம் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். என் பிள்ளைதானே, நன்றாகத் தேடினால் ஏதாவது ஒரு குறை இல்லாமலா போகும்?