வரும் என்று சொன்ன வெந்நீர்

திருப்பதியில் லாட்ஜ் நடத்துபவர்கள், லாட்ஜில் வேலை செய்பவர்கள், லாட்ஜுக்கு ஆள் பிடிப்பவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சலித்தால், பொய் சொல்லத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான் தேறுவார். அந்த ஒருவரும் எங்கள் லாட்ஜ் ரிசப்ஷனில் வந்து உட்கார்ந்தது எங்கள் முதலாளியின் ஜாதக விசேஷம். பெயர் என்னவோ இருந்தது. எல்லோருக்கும் அவர் ‘சொல்லிட்டேன்’ அண்ணன். நாகலாபுரத்துக்காரர். சித்தூரிலிருந்து வந்த நான் பக்கத்து நாற்காலியில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மொட்டையும் சந்தனமுமாக ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு உள்ளே வரும்.

“ஏசி ரூம் இருக்கா?”

“ஏசி கீது சார். ஓடாது. சொல்லிட்டேன்.”

“வெந்நீர்?”

“கொழாய தொறந்தா வர்ற மாதிரி சத்தம் வரும். அத்தோட சரி. சொல்லிட்டேன்.”

“ஜன்னல்லேர்ந்து மலை தெரியுமா?”

“எதிர் லாட்ஜ்ல காயப்போட்ட ஜட்டிங்க தெரியும்.”

பாதிப் பேர் நன்றி சொல்லிவிட்டு எதிர் லாட்ஜுக்குப் போவார்கள். மீதிப் பேர் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொள்வார்கள். ‘ரூமுக்கு ஒரு ஸ்டார், அதை முன்கூட்டியே சொன்னவருக்கு ஐந்து ஸ்டார்’ என்று ஒருவர் இண்டர்நெட்டில் எழுதினார். இரண்டையும் தனித்தனியாகப் போட அங்கே வழியில்லாததால் ஒரு ஸ்டார்தான் விழுந்தது.

முதலாளிக்குக் கோபம் வந்தால் தெலுங்கும் வந்துவிடும். “நுவ்வு நா மனிஷிவா, எதுரு லாட்ஜ் மனிஷிவா?” என்று குதித்தார். நீ என் ஆளா, எதிர் லாட்ஜ் ஆளா? கேள்வியில் நியாயம் இருந்தது. எதிர் லாட்ஜ்காரர் தீபாவளிக்கு அண்ணனுக்குத்தான் ஸ்வீட் பாக்ஸ் அனுப்பியிருந்தார்.

ஒரு மாதம் கெடு. யார் எதைக் கேட்டாலும் ‘உண்டு’ என்று சொல்ல வேண்டும். ஸ்டார் ஏறாவிட்டால் மூட்டை கட்டலாம். அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது. மகள் சித்தூரில் நர்சிங் கடைசி வருஷம். அவர் வாயின் புகழ் ஊர் முழுக்கப் பரவியிருந்ததால் வேறு எந்த லாட்ஜும் அவரைச் சேர்க்காது. அவர் முகம் சுண்டிப்போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை குடிபாலாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. “வெந்நீர் வருமா?” நான் மேஜைக்கடியில் அண்ணன் தொடையைக் கிள்ளினேன். “வ... வரும்” என்றார். உடனே விக்கல் எடுத்தது. சாவியைக் கொடுத்துவிட்டு ஆள் மாயமானார். கொஞ்ச நேரத்தில் டீக்கடை பாய்லரிலிருந்து இரண்டு பக்கெட் வெந்நீரோடு மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே இது?”

“வரும்னு சொல்லிக்கினேன் இல்ல? நீதானடா கிள்ளினே. நவுரு, ஆறிடப்போவுது!”

மனிதர் பொய்யைச் சொல்லிவிட்டு, அது பொய்யாக இருப்பதைப் பொறுக்க முடியாமல் தவித்தார். ‘ஏசி ஓடும்’ என்று ஒருமுறை சொன்னவர், முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, எலக்ட்ரீஷியனை வைத்து முதலாளி அறை ஏசியைக் கழற்றி இருநூற்று நான்காம் நம்பர் ரூமில் மாட்டிவிட்டார். மலை கேட்டவர்களை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், நாற்காலி போட்டு, குடையும் பிடித்தார். ஸ்டார்கள் ஏறின. ரூம்கள் நிரம்பின. முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சந்தோஷப்பட்டார்.

சந்தோஷத்தில் பேராசையும் வந்தது. ‘லிஃப்ட் வசதி உண்டு’ என்று வாசலில் போர்டு மாட்டினார். எங்கள் லாட்ஜில் லிஃப்ட் வைக்க இடமே கிடையாது.

அன்றே வேலூரிலிருந்து முட்டிவலிக்காரர் ஒருவர் வந்தார். நல்ல கனத்த உடம்பு. “லிஃப்ட் எங்கே?” என்றார். அண்ணன் போர்டைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், மெதுவாக எழுந்து அந்த மனிதருக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

“ஏறுங்க சார்.”

நாங்கள் தடுப்பதற்குள் முதல் மாடி தாண்டிவிட்டார். இரண்டாவது மாடியில் ‘மடக்’ என்று சத்தம். போனது அண்ணனின் இடுப்பு. முட்டிவலிக்காரர் வலியை மறந்து ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் பிடிக்க, லிஃப்டை நாங்கள் கீழே இறக்கினோம். பெஞ்சில் படுத்தபடி அண்ணன் முதலாளியிடம் முனகினார்: “லிஃப்டு ரெண்டாவது மாடி வரிக்கும்தான் சார். சொல்லிட்டேன்.”

முதலாளி போர்டைக் கழற்றினார். அண்ணன் நாகலாபுரத்துக்குப் போய்ப் படுத்தார்.

அடுத்த இரண்டு வாரம் வந்த பழைய வாடிக்கையாளர்கள் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். “அவர் இல்லையா? அப்ப ரூம் எப்படின்னு யாரை நம்பிக் கேக்கறது?” என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலாளி எல்லாவற்றையும் தன் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

ஒரு நாள் அண்ணன் போன் செய்தார். “தம்பி, இடுப்பு தேவலாம். மொதலாளி எதுனா சொன்னாரா? வேற ஆள் போட்டுட்டாரா?”

“உடனே வரச் சொன்னாருண்ணே” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது. நேராக முதலாளி அறைக்குள் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“நீங்க கூப்பிட்டீங்கன்னு அண்ணன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன் சார். நீங்கதான் அதை உண்மையாக்கணும்.”

“ஏன்?” என்றார்.

வாடிக்கையாளர் திருப்தி, ஸ்டார், வியாபாரம் என்று வரும்போதே பெரிய பேச்சு தயார் செய்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“அவர் இல்லாம எனக்கு இங்க உக்காரவே பிடிக்கல சார்.”

“எனக்கும்தான்யா” என்று முதலாளி முணுமுணுத்துவிட்டு, போனை எடுத்தார்.