விசில் டீச்சருக்கு முத்துப் போட்டபோது

மதுரையில் டவுன் பஸ்ஸை விசில் அடித்து நிறுத்தும் அதிகாரம் இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் கண்டக்டர். இன்னொருவர் எங்கள் விசில் டீச்சர். கண்டக்டர் விசிலுக்கு நிற்காத பஸ்கூட டீச்சர் விசிலுக்கு நின்றிருக்கிறது. கோரிப்பாளையம் முக்கில் அவர் ஒருமுறை ஊதிய ஊதலில் பஸ், குதிரை வண்டி, ஒரு சவ ஊர்வலம் எல்லாம் அப்படியப்படியே நின்றுபோனதாகச் சொல்வார்கள். சவ ஊர்வலத்தை நான் பார்க்கவில்லை. மற்றதைப் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. தல்லாகுளத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் நானும் அவரும் ஒரே அறை. நான் ஓர் உரக் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஊதினால் பறந்துவிடுவேன். அவர் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். அவரை ஊதினால் ஊதியவருக்குத்தான் மூச்சு முட்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும், விடுதியில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. எங்களை எழுப்ப ஒரு விசில், மெஸ்ஸில் வரிசை கலைந்தால் ஒரு விசில், குழாயடியில் சண்டை வந்தால் நீளமாக ஒரு விசில். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

"ஏ சுள்ளி, எந்திரி. மொட்டமாடிய ஒரு சுத்து சுத்திட்டு வா. இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு எப்படித்தான் டைப் அடிக்கிறியோ! அந்த மெசினு ஒன்னயத் திருப்பி அடிச்சா என்னடி பண்ணுவ?"

கனத்த உடம்பு அவருக்கு ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூவில் அவர் மைதானத்தில் இறங்கினால் மண் அதிரும், பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும். அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. பள்ளிக்கூடக் காலத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஓடி, அதைக் கொண்டே படித்து, வேலைக்கும் வந்தவர். "எங்கூர்ல காளைக்குத்தான்டி வாசலத் தொறந்து ஓட விடுவாக. பொம்பளப் பிள்ளையில ஓடுறதுக்கு எடம் கெடச்சது எனக்கு மட்டுந்தான்" என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் அந்த மைதானம் அவருக்கு என்ன என்பது எனக்கு அதில் புரிந்தது.

அந்த மைதானத்துக்கே ஒருநாள் ஆபத்து வந்தது. பள்ளிக்குப் புதிதாக வந்த தாளாளர் விளையாட்டு விழா ஒத்திகையைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேசாதவர். நாற்காலியில் அமர்ந்து காபி குடித்துக்கொண்டே சிரித்த முகமாகச் சொன்னாராம்: "பி.டி. டீச்சர்னா பாத்த ஒடனே பி.டி. டீச்சர்னு தெரியணும்மா. விழாவுக்குள்ள கொஞ்சம் எளைக்கப் பாருங்க. இல்லாட்டி ஒங்களைத் தையலுக்கு மாத்திருவோம்."

தையல்! டீச்சருக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. அவருடைய ரவிக்கைகளில் பாதி ஊக்கில்தான் நின்றுகொண்டிருந்தன. ஒருமுறை என் பாவாடைக்கு நாடா கோத்துத் தருகிறேன் என்று வாங்கி, நாடாவை உள்ளேயே தொலைத்தவர் அவர்.

அன்று சாயங்காலம் அவர் மெஸ்ஸுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரத்தில்தான், மாதம் ஒருமுறை விடுதிக்கு ஃபாரின் சாமான் விற்க வரும் அம்மாவிடம் நைலக்ஸ் புடவைக்கும் சென்ட்டுக்கும் அடியிலிருந்து ஒரு பாட்டில் வெளியே வந்தது. பாட்டில் லேபிளில் ஒரு வெள்ளைக்காரி டேப்பால் தன் இடுப்பை அளந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடல்பாசியில் செய்த மாத்திரை, கரைத்து எடுத்துவிடும் என்றார் அந்த அம்மா.

"எதைக் கரைக்கும்?" என்றேன் நான்.

"ஒன்னையக் கரைக்காது. ஒங்கிட்ட என்ன இருக்கு கரைக்க? வெளிய மூச்சு விட்டேன்னு வையி, தொலச்சிருவேன்" என்றார் டீச்சர்.

வேளைக்கு ஒன்று என்று போட்டிருந்ததை அவர் அவசரத்தில் இரண்டாக்கினார். சோறு இறங்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்பார். குழாயடிச் சண்டைக்கு விசில் அடிப்பதை விட்டுவிட்டு அவரே சண்டைக்குப் போனார். இப்படியே கொஞ்ச நாள் போனது. உடம்பு இளைத்ததா என்றால், ரவிக்கை ஊக்கு ஒன்றுகூட இடம் மாறவில்லை. முகத்தில் மட்டும் சிவப்புச் சிவப்பாகக் கிளம்பியது. நெற்றியில் தொடங்கி, கன்னம், தோள், முதுகு என்று பரவி, ஒவ்வொன்றும் நுனியில் வெள்ளை கோத்துக்கொண்டு நின்றது.

அதை முதலில் பார்த்தவர் எங்கள் சமையல்காரப் பேச்சியக்கா. எழுமலைக்காரர். காபி டம்ளரோடு அறைக்குள் வந்தவர், டீச்சர் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"தாயே! எம்புட்டு முத்து! ஆத்தா வந்து எறங்கியிருக்கா, ஒரு வார்த்த சொல்லாம இப்படி உக்காந்திருக்கீகளே!"

எங்கள் பக்கத்தில் உடம்பில் முத்துப் போட்டால் அது நோய் இல்லை, மாரியாத்தா. வந்தவளை வைத்தியம் பார்த்து விரட்டக் கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் வைத்து, குளிரக் குளிர உபசரித்து, அவளாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அம்மை கண்ட ஆளே அப்போது ஆத்தாதான்.

அரைமணி நேரத்தில் விடுதி வாசலில் வேப்பங்குலை ஏறிவிட்டது. டீச்சரை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, பேச்சியக்கா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறினார். மருந்து மாத்திரை எதுவும் கிட்ட வரக் கூடாது என்று உத்தரவு. விசிலும் கூடாது, சத்தம் ஆத்தாளுக்கு ஆகாது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், அடுத்ததைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை: அம்மை இருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது. குழம்பு, ரசம், பொரியல் எதிலும் கடுகு வெடிக்கவில்லை. விடுதியே வெந்ததை அப்படியே தின்றது.

இன்னொரு கூத்தும் நடந்தது. நேற்றுவரை டீச்சருக்கு முதுகுக்குப் பின்னால் 'ரோடு ரோலர்' என்று பெயர் வைத்திருந்தவர்களெல்லாம் இளநீரும் வெள்ளரிப் பிஞ்சுமாக வாசலில் வந்து நின்றார்கள்.

"தாயே, எனக்கு மேலூருக்கு டிரான்ஸ்பர் கெடைக்குமா?"

டீச்சர் வாயில் வந்ததைச் சொன்னார். "காலையில எந்திரிச்சு நல்லா நட. எல்லாம் சரியாப்போகும்."

அது அருள்வாக்காகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் மொட்டைமாடியில் விடுதியே நடந்துகொண்டிருந்தது. அத்தனை வருடம் விசில் ஊதியும் நடக்காத காரியம்!

எனக்குச் சந்தேகம் மாத்திரை மேல்தான். தனியாக இருக்கும்போது மெல்லக் கேட்டேன். "டீச்சர், இது அந்தப் பாட்டில் வேலையா இருக்குமோ?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கும் அதான்டி பயமா இருக்கு. பேச்சியக்கா கும்பிடுறப்பல்லாம் ஒடம்பு கூசுது. ஆனா சொன்னா என்ன ஆகும்? பி.டி. டீச்சரு மாத்திரை தின்னு எளைக்கப் பாத்தாளாம்னு ஊரே சிரிக்கும். அப்பறம் யாரு என்னைய மைதானத்துல விடுவா? தையல் கிளாஸ்ல ஒக்கார வேண்டியதுதான்."

ஆத்தா பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறோமே என்று அவர் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். படுக்கையிலேயே கன்னத்தில் போட்டுக்கொள்வார். பேச்சியக்கா அதைப் பார்த்து, ஆத்தாவே ஆத்தாவைக் கும்பிடுகிறாள் என்று மெய்சிலிர்த்தார்.

நிலைமை முற்றியது எங்கள் வாட்ச்மேனால். பெரியம்மை ஒழிந்துவிட்டது, எங்காவது இருந்தால் தகவல் சொல்பவருக்குப் பரிசு என்று சர்க்கார் சுவருக்குச் சுவர் எழுதி வைத்திருந்த காலம் அது. வாட்ச்மேன் அண்ணன் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது அப்படி ஒரு சுவருக்கு எதிரே. ஒருநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், சுகாதாரத் துறை ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பி வந்தார். சைக்கிள் பின்னால் கட்டியிருந்தது.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் அறைக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் ஊசிப் பெட்டியோடு ஒருவர். விடுதிப் பெண்கள் அத்தனை பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம்.

"காய்ச்சல் அடிச்சுச்சாம்மா?"

"இல்ல சார்."

"உள்ளங்கை, உள்ளங்கால்ல இருக்கா?"

"இல்ல."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "பாத்தா அம்மை மாதிரித் தெரியல. ஆனா தகவல்னு வந்துட்டா நான் சும்மா போக முடியாது. சாம்பிள் எடுக்கணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் இங்க இருந்து யாரும் வெளிய போகக் கூடாது, எல்லாருக்கும் ஊசி போடணும். இவங்க வேலை பாக்குற பள்ளிக்கூடத்தையும் மூடச் சொல்லணும்."

வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் புஜத்தைப் பொத்திக்கொண்டோம். இன்ஸ்பெக்டர் கடைசியாகக் கேட்டார். "சமீபத்துல மருந்து மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டீகளாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, அது அவர் சொல்ல வேண்டிய விஷயம். பள்ளிக்கூடத்தை மூடினால் விளையாட்டு விழா இல்லை. உண்மையைச் சொன்னால் விழா உண்டு, ஆனால் அதில் அவருக்கு இடம் உண்டா என்று தெரியாது. டீச்சர் தலையணைக்கு அடியில் கையை விட்டு விசிலை எடுத்து, நீளமாக ஒரு ஊது ஊதினார். ஊசிப் பெட்டிக்காரர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இது ஆத்தா இல்ல. எளைக்கணும்னு நான் கண்ட மாத்திரையத் தின்னேன். அதுதான் இப்படிக் கெளம்பியிருக்குன்னு நெனைக்கிறேன். எம்மேல கோவம்னா திட்டுங்க, சாமி மேல பழி வேணாம்."

யாரும் சிரிக்கவில்லை. பேச்சியக்கா கையிலிருந்த வேப்பங்கொத்து அந்தரத்தில் நின்றது.

"அப்ப இம்புட்டு நாளா நான் யாருக்கு விசிறிக்கிட்டு இருந்தேன்?"

"எனக்குத்தான் பேச்சியக்கா" என்று டீச்சர் அழுதார்.

பேச்சியக்கா வேப்பங்கொத்தைக் கீழே வைத்தார். "சரி விடுங்க. அந்த மாத்திரையக் கிட்டக்கூட விடாமப் பாத்துக்கிட்டது ஆத்தாதான? அவ இல்லேன்னா இன்னும் தின்னுக்கிட்டுல்ல இருந்திருப்பீக." சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். சற்று நேரத்தில் எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. விடுதியே கைதட்டியது. வாட்ச்மேன் அண்ணன் மட்டும் பரிசு போன துக்கத்தில் சைக்கிளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி போடாமலே இன்ஸ்பெக்டர் அனுப்பி வைத்த பெரிய ஆஸ்பத்திரித் தோல் டாக்டர் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடல்பாசியில அயோடின் இருக்கும். சிலருக்கு அது இப்படிக் கெளப்பிவிடும். பட்டினி கெடந்ததுல, கவலையிலகூட வந்திருக்கலாம். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். நிறுத்துனதுக்கப்புறம் கொறஞ்சிருக்குல்ல? இனி தொடாதீங்க" என்று ரோஸ் கலர் லோஷன் ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கே டீச்சர் தாளாளரைப் பார்க்கக் கிளம்பினார். முகமெல்லாம் லோஷன். துணைக்கு நான். திறந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, நீங்க எளைக்கச் சொன்னீங்க. மாத்திரை தின்னு பாத்தேன், எளைக்கல. மொகந்தான் போச்சு. இதுக்கு மேல என்னால முடியாது. தையலுக்கு மாத்துறதுன்னா மாத்திருங்க. விழா வரைக்கும் மட்டும் என் பிள்ளைகளோட நிக்க விடுங்க."

உள்ளிருந்து தாளாளரின் குரல் வந்தது, நிஜமாகவே பதறிப்போன குரல். "என்னம்மா இது! எப்பச் சொன்னேன்? அன்னைக்கா? நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா. ஒங்களப் போயி யாரு மாத்தப்போறா?"

டீச்சர் வெளியே வந்தார். பள்ளி வாசலில் நின்று, "சுள்ளி, ஒரு பேச்சுக்காம்டி" என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழத் தொடங்கினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை, அதனால்தான் அவ்வளவு கோபம். சொன்னவர் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சொன்னதை மறந்துவிட்டார். கேட்டவர் அதற்காகப் பட்டினி கிடந்து, படபடக்கும் நெஞ்சோடு விழித்துக் கிடந்து, முகம் கெட்டு, சாமிக்கும் பயந்து சாக வேண்டியிருந்தது. பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பேச்சுக்குத்தான் பேசுகிறார்கள். அதைக் கேட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

விளையாட்டு விழாவுக்கு நான் அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டுப் போனேன். பேச்சியக்காவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் முகத்தில் சிவப்பு இன்னும் அடங்கவில்லை, லோஷன் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. உடம்பு ஒரு சுற்றும் இளைக்கவில்லை. பட்டினி விட்டதில் ஒரு சுற்று கூடியிருந்தது. வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அணிவகுப்புக்கு முன்னால், கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி அவர் நடந்து வந்தார். அன்றைக்கு அந்த மைதானத்தில் அவரைவிட அழகாக ஒருவரும் இல்லை. இதை நான் ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை.