எட்டாம் மாடியும் ஏழாம் விதியும்

சாவதற்கு முன் ஒரு தடவையாவது தோட்டத்து மேலாளர் குடியிருக்கும் பெரிய துரை பங்களாவை மேலே இருந்து கீழே பார்த்துவிடுவது என்று தீர்மானம் பண்ணினேன்.

முப்பத்தெட்டு வருசம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவன் நான். அத்தனை வருசமும் பங்களா மேலே, சிறிலாகிய நான் கீழே. அண்ணாந்து அண்ணாந்தே கழுத்து பின்னால் வளைந்துவிட்டது. வேலையை விட்ட பிறகும் நேராகவில்லை.

வழி திறந்தது மழையால். இரண்டு வருசத்துக்கு முந்தைய நவம்பரில் எங்கள் தோட்டத்து மேல் மலை சரிந்து இறங்கி வந்தது. ஆறு வீடு போனது. எங்கள் வீடு நின்றது, சுவர் மட்டும் கை நுழைகிற அளவுக்குப் பிளந்தது. அதிகாரிகள் வந்தார்கள். இனி குடியிருக்கக் கூடாது என்று கதவில் சிவப்புக் குறி போட்டார்கள். என் மனைவி டோரீன் அந்தப் பிளவில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து ஜெபம் சொன்னாள். காற்றில் அணைந்தது. மறுபடி கொளுத்தினாள். மறுபடி அணைந்தது. மறுபடி கொளுத்தினாள். டோரீன் அப்படித்தான். சத்தமே போடமாட்டாள். விடவும் மாட்டாள்.

சிவப்புக் குறி வீட்டுக்காரர்களுக்கென்று ஹட்டன் டவுன் ஓரத்தில், பழைய தேயிலை மலையில், எட்டு மாடிக் கட்டடம் எழும்பியது. எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் நாலு மாடி தெரியும். அதற்கு மேல் பனி. மிச்ச மாடிகள் இருக்கின்றன என்பதை விசுவசிக்க வேண்டியதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். எட்டாம் மாடி பங்களாக் கூரையை விட உயரம்.

எந்த மாடி வேண்டும் என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். நான் பெரிதாக எட்டுப் போட்டேன்.

"எட்டாவது மாடியாங்க?" என்றாள் டோரீன்.

"ஆமா."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'வுக்கு நான் பயந்திருக்க வேண்டும். என் மோட்டார் சைக்கிள் இப்போது மகன் மிலானிடம் இருப்பதும் ஒரு 'சரிங்க'வால்தான்.

"லிப்டு இருக்கும்ல?"

"இருக்கும்."

"கரண்டு போனா?"

"படி இருக்கு."

"சரிங்க. நாளைக்கு நம்மள எறக்கணும்னா?"

"நாமதான் எறங்குவோமே!"

"நாம எறங்க முடியாத அன்னைக்குக் கேக்குறேன்."

"செத்த பிறகு எனக்கென்னடி? அதுவரைக்கும் பங்களாவப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"சரிங்க" என்று ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் தோட்டத்தில், சாவு வீட்டுப் பெட்டியைத் தூக்கிப் போய் அடக்கம் செய்ய, ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கத்தவர்கள். பத்தொன்பது வருசமாக நான்தான் செயலாளர். அதில் ஏழாம் விதி என் சொந்தத் தயாரிப்பு. ஒருமுறை வழுக்குப் பாதையில் அழகுமுத்துவின் அப்பாவைத் தூக்கிப் போனபோது பெட்டியை நிமிர்த்திவிட்டார்கள். உள்ளே மனிதர் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். மகன் அழுத அழுகையைப் பார்த்து அன்றைக்கே எழுதினேன்: 'எக்காரணம் கொண்டும் பெட்டியை நிமிர்த்தலாகாது.'

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பத்தொன்பது வருசத்தில் முதல் தடவையாக டோரீன் எழும்பினாள்.

"செயலாளர் ஐயாகிட்ட ஒரு கேள்வி."

சபை சிரித்தது.

"புதுக் கட்டடத்து லிப்டுல பெட்டி கொள்ளுமாங்க ஐயா?"

சிரிப்பு நின்றது. யாருக்கும் தெரியாது. அளந்து பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. பெட்டி நீளத்துக்கு வெட்டிய ஆறரை அடி மூங்கிலோடு போனோம். ஒரு முனை அழகுமுத்து கையில், மறுமுனை என் கையில். லிப்டு நாலரை அடி. படியில் கொண்டுபோனோம். முதல் வளைவிலேயே மூங்கில் என் நெஞ்சில் குத்தியது.

"கொஞ்சம் நிமித்துங்க அண்ணே, திரும்பிரும்" என்றான் அழகுமுத்து.

"நிமிர்த்தக் கூடாது!" என்று கத்திவிட்டேன். விதி என்னுடையது ஆயிற்றே.

கீழே நின்ற டோரீன் வானத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்து கூட்டத்தைத் தொடர்ந்தோம். பக்கத்து வீட்டு வீரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். மேல் மலை சரிந்து வந்தபோது அவள் புருசன் செல்லசாமி மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தார். இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறார்.

"எங்க வீட்டுக்காரரத் தூக்குறதுக்கு நமக்குக் கெடைக்கல" என்றாள். "கெடைக்கிறவங்களாச்சும் நேராப் படுத்துப் போகட்டும்."

தகரக் கூரையில் மழை அடிக்க, தீர்மானத்தை எழுத ஆரம்பித்தேன்.

அறுபது வயது தாண்டிய அங்கத்தவர்களுக்குக் கீழ் மாடியே தரப்பட வேண்டும். மேலே போகிறவர்களைச் சங்கம் தூக்காது. முன்மொழிந்தவர் வீரம்மா. வழிமொழிந்தவர் டோரீன். எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியவர் சிறில், வயது அறுபத்தாறு.

கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பங்களா மேலே இருந்து என்னைப் பார்த்தது. சங்கம் தூக்காவிட்டால் போகிறது, மிலான் தூக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை, டோரீன் பூசைக்குப் போன நேரம் பார்த்து, எட்டுப் போட்ட படிவத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீடமைப்புக் காரியாலயத்துக்கு ஓடினேன்.

அங்கே நிரோஜினி என்ற பிள்ளை வாங்கிப் பார்த்தாள்.

"ஐயா, உங்க வீட்டுப் படிவம் போன வாரமே வந்திருச்சே. கீழ் மாடி, மூணாம் நம்பர்."

"நான் கையெழுத்தே போடலியேம்மா! குடும்பத் தலைவர் போடணும்ல?"

"போட்டிருக்காங்களே. குடும்பத் தலைவர், டோரீன்."

"அப்ப நான்?"

விரலை வைத்துத் தேடினாள். "இருக்கீங்க ஐயா. 'தங்கி வாழ்வோர்'ங்கிற கட்டத்துல."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அனுதாபத்தோடு சிரித்தார்கள்.

"நாலாம் நம்பர் வீரம்மா பாட்டிக்கு" என்றாள் நிரோஜினி. "எழுதத் தெரியாததால மாடியக் காலியா விட்டிருந்தாங்க, நாங்களா ஆறாம் மாடி போட்டிருந்தோம். உங்க வீட்டம்மா வந்து மாத்தச் சொன்னாங்க. சங்கத்துக் கடிதம் வேணும்னோம். இந்தத் திங்கக்கிழமையே உங்க தீர்மானத்தக் கொண்டுவந்து குடுத்துட்டாங்க. உங்க கையெழுத்துதானே ஐயா? முத்து முத்தா இருக்கு."

வீட்டுக்கு வந்தேன். டோரீன் பிளவில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேன்ல?" என்றேன்.

"எட்டுன்னு எழுதியிருப்பீங்க."

உட்கார்ந்தேன். அவளே தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்தி ஆறுதல் சொன்னாள்.

"கவலப்படாதீங்க. புது வீட்டு ஜன்னல்ல இருந்து பங்களா நல்லாவே தெரியுதுங்க. கொஞ்சம் அண்ணாந்து பாத்தாப் போதும்."